விளையாட்டு கிராஷ் ஆகிறதா? முதலில் அந்த லைப்ரரி உங்களுடையதா என்று பாருங்கள்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு சின்ன ஆண்ட்ராய்டு விளையாட்டு. புது வெர்ஷன் வெளியிட்ட அன்று மாலையே கிராஷ் ரிப்போர்ட்டுகள் குவிய ஆரம்பித்தன. எல்லாமே ஒரே இடத்தைக் காட்டின: விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் பொருள் வாங்கும் ஃபங்ஷன். அந்த வெர்ஷனில் கடைப் பகுதியைத்தான் மாற்றி எழுதியிருந்தோம், அதனால் சந்தேகமே வரவில்லை. நான்கு நாள் அந்த ஃபங்ஷனை வரி வரியாகப் படித்தோம். ஆறு போன்களில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றிலும் கிராஷ் ஆகவில்லை.

ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, கிராஷ் ஆன போன்களில் ஓடியது நாங்கள் கொடுத்த லைப்ரரியே (விளையாட்டின் கோடு இருக்கும் கோப்பு) இல்லை. யாரோ அதில் எட்டு பைட்டுகளை மாற்றியிருந்தார்கள். அந்த நான்கு நாள் உங்களுக்கும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்து, ஐஎல்2சிபிபி முறையில் (சி ஷார்ப் கோடை சி++ ஆக மாற்றும் முறை) பில்டு ஆகும் 64-பிட் விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். வேறு எஞ்சின் என்றாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறோம்

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு, உண்மையில் ஒரு ஜிப். அதற்குள் லிப் என்ற ஃபோல்டர், அதற்குள் ஆர்ம்64-வி8ஏ, அதற்குள் எஸ்ஓ கோப்புகள். இவைதான் நேட்டிவ் லைப்ரரிகள், பிராசஸர் நேரடியாக ஓட்டும் கட்டளைகள். யூனிட்டியில் நீங்கள் எழுதிய சி ஷார்ப் கோடு முழுவதும் சி++ ஆக மாறி, லிப்ஐஎல்2சிபிபி என்ற ஒரே எஸ்ஓ கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். அதோடு குளோபல்-மெட்டாடேட்டா என்று ஒரு டேட் கோப்பும் வரும். கிளாஸ் பெயர், மெத்தட் பெயர், ஸ்ட்ரிங் எல்லாம் அதில். இவை இரண்டும் ஒரே பில்டில் பிறந்த ஜோடி. ஒன்றை மட்டும் வேறு பில்டிலிருந்து எடுத்து வைத்தால் விளையாட்டு திறந்த சில நொடிகளிலேயே விழும்.

காசு தீராத விளையாட்டு, எல்லாம் திறந்த விளையாட்டு என்று பரப்பப்படுபவை பெரும்பாலும் இந்த எஸ்ஓ கோப்பில் சில பைட்டுகளை மாற்றி, ஏபிகேயைத் திரும்பக் கட்டி, வேறு சாவியால் கையொப்பமிட்டவை. ஏபிகே யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரைதான் இந்தக் கையொப்பம்.

டூம்ஸ்டோனை எடுங்கள்

கிராஷ் கலெக்டர் (ரிப்போர்ட்டுகளைத் திரட்டித் தரும் சேவை) தரும் சுருக்கத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நேட்டிவ் கிராஷ் ஆனதும் ஆண்ட்ராய்டு ஒரு டூம்ஸ்டோன், அதாவது கிராஷ் அறிக்கைக் கோப்பு, எழுதும். சிக்னல் (எந்த விதத்தில் விழுந்தது என்று சொல்லும் எண்), ரிஜிஸ்டர் (பிராசஸருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) மதிப்புகள், பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்), மெமரி வரைபடம் (மெமரியில் எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல்) எல்லாம் அதில் இருக்கும். போன் உங்கள் கையில் இருந்தால் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) லாக்கேட்டில் கிராஷ் பஃபரை மட்டும் கேளுங்கள், சுருக்கம் கிடைக்கும். முழு டூம்ஸ்டோன் வேண்டுமென்றால் ஏடிபி பக்ரிப்போர்ட். அது தரும் ஜிப்பில் எஃப்எஸ், டேட்டா, டூம்ஸ்டோன்ஸ் என்று உள்ளே போனால் கோப்புகள் இருக்கும். போன் விளையாடுபவரிடம் இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கும் பக் ரிப்போர்ட்டை எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதில் அவருடைய போனைப் பற்றிய சொந்தத் தகவல்கள் நிறைய இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

டூம்ஸ்டோனே இல்லை, விளையாட்டு சும்மா மூடிக்கொள்கிறது என்றால் ஆண்ட்ராய்டு 11 முதல் டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி எக்ஸிட்-இன்ஃபோ என்ற கட்டளை இருக்கிறது. கடைசியில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், அந்த ஆப் கடைசியாக ஏன் செத்தது என்று சொல்லும். சிக்னல் 9 என்றால் யாரோ கொன்றிருக்கிறார்கள். மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு கொன்றிருக்கலாம். அல்லது நீங்கள் சேர்த்த பாதுகாப்பு எஸ்டிகே (வெளியார் தரும் தயார் கோடுத் தொகுப்பு), திருத்தத்தைக் கண்டுபிடித்துத் தானே மூடியிருக்கலாம்.

பேக்ட்ரேஸில் ஃபங்ஷன் பெயருக்கு முன் பாதையைப் படியுங்கள்

நாங்கள் தவறவிட்டது இதைத்தான். எல்லோரும் ஃபங்ஷன் பெயரைத்தான் பார்ப்போம். அதே வரியில் லைப்ரரியின் முழுப் பாதையும் இருக்கும்.

ஆப் பண்டிலாக பிளே ஸ்டோரில் ஏற்றினால் போனுக்கு ஒரே ஏபிகே போவதில்லை. பேஸ் ஏபிகே தனி, பிராசஸருக்கான ஸ்பிளிட் ஏபிகே தனி. லைப்ரரிகளைப் பிரித்து எழுதாமல் ஏபிகேக்குள்ளிருந்தே ஏற்றும் விதத்தில் பில்டு செய்திருந்தால், பாதையில் ‘ஸ்பிளிட்_கான்ஃபிக்.ஆர்ம்64_வி8ஏ.ஏபிகே’ என்றும், ஓர் ஆச்சரியக்குறிக்குப் பிறகு லைப்ரரியின் பெயரும் வரும். எங்கள் விளையாட்டு அப்படித்தான் போகிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டுகளில் எல்லாம் பாதை சாதாரண லிப் ஃபோல்டரைக் காட்டியது. யாரோ எல்லா ஸ்பிளிட்டையும் ஒரே ஏபிகேயாக ஒட்டியிருக்கிறார்கள் என்று முதல் நாளே அந்த ஒரு வரி சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை.

பாதையில் வேறொரு ஆப்பின் பெயர் வந்தால், உங்கள் விளையாட்டு ஏதோ குளோன் ஆப்புக்குள் (மற்ற ஆப்களை நகலெடுத்துத் தனக்குள் ஓட்டும் ஆப்) ஓடுகிறது என்று பொருள். மெமரி வரைபடத்தில் நீங்கள் சேர்க்காத எஸ்ஓ கோப்பு இருந்தால் அது மாட் மெனுவாக (ஏமாற்று வசதிகளைத் திரையில் காட்டும் சேர்க்கை) இருக்கலாம்.

பில்டு ஐடி பொருந்துகிறது என்று விட்டுவிடாதீர்கள்

பேக்ட்ரேஸ் வரியின் கடைசியில் பில்டு ஐடி என்று நீண்ட எண் இருக்கும். எங்கள் பில்டோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. அதனால்தான் நான்கு நாள் ஏமாந்தோம்.

பில்டு ஐடி, லிங்க்கர் (கோடுத் துண்டுகளை இணைக்கும் கருவி) கோப்பை உருவாக்கும்போது கணக்கிட்டு உள்ளே ஒரு குறிப்பாக எழுதி வைப்பது. அதன்பிறகு யாரும் அதைத் திரும்பக் கணக்கிடுவதில்லை. பின்னால் ஒருவர் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து எட்டு பைட்டை மாற்றினாலும் அந்தக் குறிப்பு அப்படியே இருக்கும். வீட்டை இடித்துக் கட்டினாலும் வாசலில் பழைய கதவு எண் மாறாதது போல. எந்த பில்டிலிருந்து வந்த கோப்பு என்பதை மட்டுமே அது சொல்லும். அதனால்தான் கிராஷ் கலெக்டரும் திருத்திய கோப்பின் கிராஷ்களை உங்கள் அசல் கிராஷ்களோடு ஒரே தொகுப்பில் போடுகிறது, ஃபங்ஷன் பெயரையும் உங்கள் சிம்பல் கோப்பிலிருந்தே (எந்த முகவரியில் எந்த ஃபங்ஷன் என்று சொல்லும் கோப்பு) எடுத்துக் காட்டுகிறது. கோப்பு மாறியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஹாஷ் (கோப்பு முழுவதிலிருந்தும் கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்தே ஆக வேண்டும்.

கையொப்பமும் ஹாஷும்

போன் கிடைத்தால் பிஎம் பாத் கட்டளையால் ஏபிகே இருக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டு, ஏடிபி புல் மூலம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போன் கிடைக்கவில்லை. புகார் எழுதிய ஒரு பையனிடம் கேட்டோம்: “தம்பி, இதை பிளே ஸ்டோரிலிருந்து போட்டாயா?” அவன் பதில்: “இல்ல அண்ணா, ஃப்ரெண்டு ஷேர் பண்ணான்.” அந்த ஏபிகேயையே அனுப்பி வைத்தான்.

அதன்மேல் ஏபிகேசைனர் வெரிஃபை ஓட்டி, சான்றிதழை அச்சிடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் வந்த வி2 கையொப்பம் ஏபிகே முழுவதையும் காக்கிறது. உள்ளே ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் செல்லாது. திருத்தியவர் தன் சாவியால் திரும்பப் போட்டே ஆக வேண்டும். ஆகவே சான்றிதழின் எஸ்எச்ஏ-256 வேறாக இருந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: பிளே ஆப் சைனிங் (கூகுளே சாவியை வைத்துக் கையொப்பமிடும் வசதி) பயன்படுத்தினால், உங்கள் கணினியில் இருப்பது அப்லோடு சாவி மட்டுமே. ஒப்பிட வேண்டியது பிளே கன்சோல் காட்டும் ஆப் சைனிங் சான்றிதழோடு. இதைக் குழப்பிக்கொண்டால் உங்கள் அசல் ஏபிகேயையே போலி என்று சொல்லிவிடுவீர்கள்.

அடுத்து எஸ்ஓ கோப்பின் ஹாஷ். இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பில்டு ஃபோல்டரில் கிடக்கும் கோப்பை எடுத்து ஒப்பிடாதீர்கள். பில்டு செய்யும் கருவியான கிரேடில் கடைசியில் டீபக் சிம்பல்களை உரித்துவிடும், ஹாஷ் மாறிவிடும். பிளே ஸ்டோரிலிருந்து உங்கள் சொந்தப் போனில் நிறுவி, அங்கிருந்து இழுத்த கோப்புதான் ஒப்பிடத் தகுந்த அசல்.

எந்த பைட் மாறியது

இனி இரண்டு கோப்புகளை பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளை. சின்ன எல் ஆப்ஷனோடு அசலையும் திருத்தியதையும் கொடுத்தால், வேறுபடும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி வரும்: இடம், அசல் பைட், புதிய பைட். லட்சக்கணக்கில் வரிகள் கொட்டினால் அது திருத்தம் இல்லை, வேறு பில்டின் கோப்பு. அப்போது மெட்டாடேட்டா ஜோடி பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்தது ஏழே வரி. 24406313-இல் ஆரம்பித்து 24406320-இல் முடிந்தது. புதிய பைட்டுகள்: 40, 200, 122, 300, 3, 137, 326.

இதைப் படிப்பதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டளை இடத்தை 1-இலிருந்து எண்ணுகிறது, ஆகவே ஒன்றைக் கழியுங்கள். பைட்டுகளை எண்மக் கணக்கில், அதாவது ஆக்டலில் காட்டுகிறது, ஹெக்ஸுக்கு (16 அடிமான எண்முறை) மாற்றுங்கள். நடுவில் 24406314 வரவில்லை, ஏனென்றால் அங்கே அசலிலும் புதியதிலும் 0-தான். அதையும் சேர்த்து ஹெக்ஸில் எழுதினால்:

20 00 80 52, சி0 03 5எஃப் டி6

64-பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக நான்கு பைட். முதல் நான்கு: டபிள்யூ0 ரிஜிஸ்டரில் 1 போடு. அடுத்த நான்கு: ரெட், அழைத்தவரிடம் திரும்பு. இரண்டும் சேர்ந்தால் ‘எதையும் பார்க்காமல் ஆம் என்று சொல்லிவிட்டுத் திரும்பு’ என்று பொருள். இந்த எட்டு பைட்டை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கண்ணில் படும். முதல் பைட் 20-க்குப் பதில் 00 என்றால் ‘இல்லை’ என்று திரும்பு.

எந்த ஃபங்ஷனில் விழுந்தது

24406312 என்பது ஹெக்ஸில் 1746928. இதை அப்படியே சிம்பல் கோப்பில் தேடினால் தவறான ஃபங்ஷன் வரும். கோப்புக்குள் இருக்கும் இடமும் மெமரியில் ஏற்றப்படும் முகவரியும் ஒன்றல்ல. எஸ்ஓ கோப்பின் அமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃபில் சின்ன எல் ஆப்ஷன் கொடுத்தால் லோடு செக்மென்ட்டுகளின் (மெமரியில் ஏறும் துண்டுகள்) பட்டியல் வரும். நம் இடம் எந்த செக்மென்ட்டில் இருக்கிறதோ, அதன் ஆஃப்செட்டுக்கும் விர்ச்சுவல் அட்ரஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள். எங்கள் கோப்பில் அது ஹெக்ஸ் 1000, அதாவது 4096. ஆக முகவரி 1747928. பேக்ட்ரேஸில் பிசி (கட்டளை இருக்கும் இடம்) என்று வரும் எண்ணும் இந்தக் கணக்கில்தான் இருக்கும், அதற்கு எதையும் கூட்ட வேண்டாம்.

முகவரிக்கு எந்த ஃபங்ஷன் என்று காட்டும் எல்எல்விஎம்-ஆட்ர்2லைனில், இந்த முகவரியை சிம்பல் கோப்போடு கொடுத்தோம். வந்தது காசு சரிபார்க்கும் ஃபங்ஷன் இல்லை. பொருளின் விவரத்தை எடுத்துத் தரும் வேறொரு ஃபங்ஷனின் நடு! பழைய வெர்ஷனின் சிம்பல் கோப்பில் அதே முகவரியைப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அங்கே அது ‘போதுமான காசு இருக்கிறதா’ என்ற ஃபங்ஷனின் முதல் வரி. பழைய வெர்ஷனுக்குக் கண்டுபிடித்த இடத்தை யாரோ புது வெர்ஷனில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் கடைக்கோடை மாற்றியதில் எல்லா ஃபங்ஷனும் இடம் நகர்ந்துவிட்டது.

அதனால்தான் ஒவ்வொரு வெளியீட்டின் சிம்பல் கோப்பையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். பழையது எங்களிடம் தற்செயலாக இருந்தது.

ஏன் அந்த விதத்தில் விழுந்தது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது புரிந்தால் அடுத்த முறை ஏபிகே கையில் இல்லாமலே சந்தேகிக்க முடியும்.

டூம்ஸ்டோனில் சிக்னல் 11, சிக்செக்வி, அதாவது தொடக் கூடாத மெமரியைத் தொட்டது. ஃபால்ட் அட்ரஸ் (தொட்ட முகவரி) ஹெக்ஸ் 19. எக்ஸ்0 ரிஜிஸ்டரில் (டபிள்யூ0 இதன் கீழ்ப்பாதி) 1. ஐஎல்2சிபிபியில் ஓர் ஆப்ஜெக்ட்டின் தலைப்பகுதி 64-பிட்டில் 16 பைட். முதல் ஃபீல்டு ஹெக்ஸ் 10-இல், எட்டு பைட் அளவுள்ளதாக இருந்தால் அடுத்தது 18-இல். வெறும் நல் பாயின்டரை (எதையும் காட்டாத 0 முகவரி) தொட்டால் ஃபால்ட் அட்ரஸ் 10, 18, 20 என்று பெரும்பாலும் இரட்டை எண்ணாக வரும். இங்கே 19. அதாவது 18-உடன் 1. யாரோ 1 என்ற எண்ணை ஆப்ஜெக்ட்டின் முகவரி என்று நினைத்து அதன் இரண்டாவது ஃபீல்டைப் படித்திருக்கிறார்கள். விவரத்தைத் தர வேண்டிய ஃபங்ஷன் நடுவிலேயே ‘1’ என்று சொல்லித் திரும்பியதன் விளைவு அது.

இன்னொன்றும் பாருங்கள். ஐஎல்2சிபிபி பொதுவாக நல் சோதனைகளைத் தானே போட்டுவிடும். உண்மையான நல் என்றால் சி ஷார்ப் எக்ஸெப்ஷன்தான் வரும், நேட்டிவ் கிராஷ் வராது. 1 என்பது நல் இல்லையே! சோதனையைத் தாண்டிப் போய் மெமரியில் விழுந்தது. சி ஷார்ப்பிலிருந்து வந்த சாதாரண ஃபங்ஷனில், ஒற்றைப்படையான சின்ன ஃபால்ட் அட்ரஸோடு சிக்செக்வி வந்தால் நான் இப்போது முதலில் கையொப்பத்தைத்தான் பார்க்கிறேன்.

பேக்ட்ரேஸ் முதல் வரிக்குப் பிறகு அர்த்தமில்லாமல் போனதற்கும் இதுவே காரணம். ஃபங்ஷன் தொடங்கும்போது ஸ்டேக்கில் (ஃபங்ஷன்களுக்கான தற்காலிக மெமரி) இடம் எடுத்துக்கொள்ளும், முடியும்போது திருப்பித் தரும். நடுவில் திரும்பினால் எடுத்தது எடுத்தபடியே கிடக்கும். அழைத்தவருடைய ஸ்டேக் பாயின்டர் தவறான இடத்தில் நிற்கும்.

சில போன்களில் கிராஷ் ஆகாமல் விளையாட்டு உறைந்தும் போனது. அதற்கும் இதே எட்டு பைட்தான். திரும்ப வேண்டிய முகவரி எக்ஸ்30 ரிஜிஸ்டரில் இருக்கும். மாற்றிய இடத்துக்கு முன்பே அந்த ஃபங்ஷன் வேறொன்றை அழைத்திருந்தால், எக்ஸ்30 அந்த அழைப்புக்கு அடுத்த வரியைக் காட்டும். ரெட் அங்கே போகும், அங்கிருந்து மறுபடி மாற்றிய இடம், மறுபடி ரெட். முடிவே இல்லாத சுற்று. உள்ளே எந்தக் கிளையில் போனது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கிராஷ், ஒருவருக்கு உறைவு.

வேறு விதமாக வந்தால்

சிக்னல் 4, சிக்இல் என்றால் பிராசஸருக்குப் புரியாத கட்டளை. பழைய 32-பிட் போன்களில் இதை அதிகம் பார்க்கலாம். அங்கே ஆர்ம், தம்ப் என்று இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு, ஒன்றின் பைட்டை மற்றதில் எழுதினால் இப்படி ஆகலாம். பிசி நேராக மாற்றிய இடத்திலேயே நிற்குமானால் ஏபிகே கூடத் தேவையில்லை. டூம்ஸ்டோனின் கீழே பிசிக்கு அருகில் உள்ள மெமரி அச்சாகியிருக்கும், அதை உங்கள் அசலோடு ஒப்பிடுங்கள். 64-பிட்டில் எட்டெட்டு பைட்டாகத் தலைகீழாக வரும், வலது ஓரத்திலிருந்து இடப்பக்கம் படிக்க வேண்டும். நம் எட்டு பைட் ஒரே சொல்லில் அமைந்தால் டி65எஃப்03சி052800020 என்று தெரியும்.

லைப்ரரி ஏறவே இல்லை, டிஎல்ஓபன் (லைப்ரரியை ஏற்றும் அழைப்பு) தோற்றது என்றால் பிழைச்செய்தியை முழுதாகப் படியுங்கள், பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும். சிம்பல் கிடைக்கவில்லை என்றால் ஒன்றுக்கொன்று பொருந்தாத லைப்ரரிகளாக இருக்கலாம். டெக்ஸ்ட் ரீலொக்கேஷன், செக்ஷன் ஹெடர் பற்றிப் புலம்பினால் ஏதோ கருவி கோப்பைக் குதறியிருக்கலாம்.

ஹாஷும் கையொப்பமும் சரி, ஆனாலும் நடத்தை கோணலாக இருக்கிறது என்றால், ஓடும்போது மெமரியில் மாற்றியிருக்கலாம். மெமரி வரைபடத்தில் உங்கள் லைப்ரரியின் கட்டளைப் பகுதி வழக்கமாகப் படிக்கவும் ஓட்டவும் மட்டும் அனுமதியுள்ள ஒரே நீளத் துண்டு. அதன் நடுவில் எழுதும் அனுமதியும் சேர்ந்த ஒரு பக்கம் மட்டும் தனியாக நறுக்கித் தெரிந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

குற்றம் சாட்டும் முன்

லைப்ரரி மாறியது என்றாலே கள்ள ஏபிகே என்று முடிவு கட்டாதீர்கள். மாற்றியவர் நீங்களாகவே இருக்கலாம். இரண்டு எஸ்டிகேக்கள் ஆளுக்கொரு லிப்சி++_ஷேர்டு (சி++ மொழியின் பொது லைப்ரரி) கொண்டுவரும். பில்டு முரண்டு பிடிக்கும். நாமும் அவசரத்தில் கிரேடிலில் பிக்ஃபர்ஸ்ட் (முதலில் கிடைத்ததை எடு) போட்டு வாயை மூடிவிடுவோம். அது எதையோ ஒன்றை எடுத்துக்கொள்ளும், மற்ற எஸ்டிகே பயனரின் போனில் விழும். பேக்ட்ரேஸில் ஹூடினி போன்ற மொழிபெயர்ப்பு லைப்ரரி தெரிந்தால் அது இன்டெல் பிராசஸரில் ஓடும் எமுலேட்டராக இருக்கலாம், திருத்தம் இல்லை.

இப்போது எங்கள் கிராஷ் ரிப்போர்ட்டுகளில் இரண்டு தகவல்களைத் தானாகவே சேர்க்கிறோம்: சான்றிதழின் ஹாஷ், எந்த ஆப் நிறுவியது என்பது. இரண்டையும் ஆண்ட்ராய்டிடமே கேட்டு வாங்கலாம். இதையும் போலியாகத் தர ஒருவரால் முடியும். ஆனால் ஏபிகேயைத் திருத்திப் பரப்புபவர் கிராஷ் ரிப்போர்ட் வரை மெனக்கெட்டதை நான் பார்த்ததில்லை. காசுக் கணக்கை சர்வரில் வைத்துவிட்டோம். திருத்திய ஏபிகேயைக் கண்டால் வேண்டுமென்றே கிராஷ் செய்யும் யோசனை எங்களுக்குள் வந்தது, வேண்டாம் என்று விட்டோம். அது நம் லாக்கையே நாம் குழப்பிக்கொள்வது. தெளிவாக ஒரு செய்தி காட்டினால் போதும்.

அந்தப் பையனுக்குப் பதில் எழுதுவதுதான் கடைசி வேலையாக இருந்தது. பிளே ஸ்டோர் பதிப்பை அவனால் மேலே போட முடியாது. கையொப்பம் வேறு என்பதால் ஆண்ட்ராய்டு மறுக்கும். பழையதை நீக்கித்தான் ஆக வேண்டும், நீக்கினால் போனில் மட்டும் சேமித்ததெல்லாம் போய்விடும். ஆகவே முதலில் விளையாட்டுக்குள் லாகின் செய்து சேவ் மேலே ஏறியதா என்று பார், அப்புறம் நீக்கு, அப்புறம் ஸ்டோரிலிருந்து போடு என்று ஒவ்வொன்றாக எழுதினோம். கடைப்பக்கம் மட்டும் போகாதே, அங்கேதான் விழும் என்றும் சேர்த்தோம். மறுநாள் பதில் வந்தது: “லெவல் எல்லாம் அப்படியே இருக்கு அண்ணா.”